என்னிடமிருந்து நீ எடுத்த ‘வேணாம்’

மச்சி,

அத்தர் மணம் இன்னும் போகவில்லை. காலையில் அலுமாரிக்கு மேலிருந்து கெமராப் பையை இறக்கிக் கட்டிலில் வைத்து சிப்பை இழுத்ததும் முகத்தில் வந்து அடித்தது. இந்தப் பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கிறேன், தேசிக்காய் தேய்த்திருக்கிறேன், நாள் கணக்கில் வெயிலில் போட்டிருக்கிறேன். கண்டக்குழியின் உப்புக்காற்று என் புருஷனின் போட் எஞ்சினைத் தின்கிறது, வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்கிறது, இந்த மணத்தை மட்டும் தொடமாட்டேன் என்கிறது. பையைத் திறந்தபடி விட்டுவிட்டு குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது உன்மேல் கோபம் வந்தது. வழக்கமாக வருவதுதான்.

நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய், ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாளைப் பகல் நானும் உன் மகளும் ப்ளேன் ஏறுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் வளைகுடாவிலேயே குடியிருப்பவர்கள், கலியாணமும் அங்கேதான். பொம்பிளைப் பக்கத்துப் படங்களை நான்தான் எடுக்க வேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். சொல்லிவிட்டுப் போக உன்னிடம் வேறொன்றும் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இந்தப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், ப்ளேனுக்குக் கெமராப் பை கட்டுவதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் தடவை வெளிநாட்டுக் கலியாணம் ஒன்று வந்தபோது பற்றரிகளையெல்லாம் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டு, கட்டுநாயக்கா எயார்போட்டில் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது திருடிகள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் படித்தோம். பற்றரி கைப்பையில்தான் வரவேண்டும், ஒவ்வொன்றின் வாயிலும் டேப் ஒட்டவேண்டும். கெமரா வைக்கும் முக்காலி பெரிய பெட்டியில். லென்ஸ்களைச் சொக்ஸுக்குள் திணித்துக் கையோடு. கைப்பைக்கு ஏழு கிலோதான் என்று அவர்கள் சொன்னால், மிச்சத்தை அபாயாவின் பொக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போவாய் நீ. “வயித்துப்புள்ளக்காரியெண்டு நெனச்சிக்கொள்ளட்டும்” என்று என் காதுக்குள் சொல்லிச் சிரிக்க வைப்பாய். அதற்கிடையில் நம் ஊர்ச் சனம் வேறு. நாம் போகிறோம் என்று கதை பரவினால் போதும், மகனுக்கு மாசித்தூள், மருமகனுக்குக் கருவாடு, பேத்திக்குத் தொதல் என்று பார்சல்கள் வந்து குவியும். கெமராவுக்கு இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கருவாட்டுக்கு இடம் வேண்டும். யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வராது. நான்தான் வாசலில் நின்று சண்டை பிடிப்பேன்.

நம்முடைய தொழில் அப்படித்தான் ஓடியது. நம் கலியாண வீடுகளில் ஆண்கள் பக்கம் எடுக்கக் கெமராக்காரர்களுக்குக் குறைவில்லை. திரைக்கு மற்றப் பக்கம், தலைச்சீலை இல்லாமல் முடியை விரித்துவிட்டு, கை நிறைய மருதாணியோடு பொண்ணு உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பெண்தான் வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அந்தப் படம் எந்த அந்நிய ஆணின் கண்ணிலும் படக்கூடாது. அதனால் பிரின்ட் போடுவதும் அல்பம் கட்டுவதும் நாமே. புத்தளம் டவுனில் புடவைக் கடைக்கு மேல்மாடி அறையில், கதவைப் பூட்டிக்கொண்டு, கீழே நிழலுக்கு ஒதுங்கிய கழுதைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தோம். கறண்ட் போனால் ஜன்னலைத் திறப்பதற்குக்கூட முதலில் படங்களைக் கவிழ்த்து வைப்பேன். “எதிர்ல இரிக்கிறது கொடிக் கம்பம் மச்சி, அதுக்குக் கண்ணில்ல” என்று நீ கேலி பண்ணுவாய். கேலி பண்ணினாலும் நீயும் கவிழ்ப்பாய்.

ஆட்களைச் சிரிக்க வைப்பது உன் பங்கு. அழுதுகொண்டிருக்கும் பொண்ணின் முகவாயைத் தூக்கி, “இந்த மூக்கு ஒழுகுறத நான் எடுத்தா ஒங்கட பேரப்புள்ளயள் பாத்துச் சிரிக்கும்” என்பாய். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே நான் எடுத்துவிடுவேன். வாக்குக் கொடுப்பது என் பங்கு. ஒவ்வொரு கலியாண வீட்டிலும் பொண்ணின் உம்மாவின் கையைப் பிடித்து, “இது நீங்க நம்பித் தாற அமானிதம், ஆம்புளக் கண்ணுக்குப் போகாது” என்று நான்தான் சொல்வேன். நம்மை நம்பி முடியை அவிழ்த்தார்கள் என்றால் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

அந்தச் சொல்லைக் காப்பாற்ற எனக்கு ஒரு முறை இருந்தது. திரும்பி வரும்போது ப்ளேனுக்குப் போகுமுன்னால் இரண்டு கெமராக்களிலிருந்தும் கார்டுகளைக் கழற்றி, நான் அபாயாவின் உள்ளே தைத்து வைத்திருந்த சின்னப் பைக்குள் போட்டு உடம்போடு வைத்துக்கொள்வேன். கெமராவில் வெறும் கார்டைப் போட்டு, சுவரையோ திரைச்சீலையையோ ஒரு படம் எடுத்து வைப்பேன். விமான நிலையத்தில் போட்டுக் காட்டச் சொன்னால் அவர்கள் பார்ப்பது வெறும் சுவர்தான். இதை நீயும் பழகியிருந்தாய். உன் கெமராவை நீயே பார்த்துக்கொள்வாய், நான் திரும்பக் கேட்டதில்லை.

நம்மைப் பிரித்த அந்தக் கலியாணமும் வளைகுடாவில்தான். புத்தளத்து ஆட்கள், அங்கே கடை வைத்திருப்பவர்கள். பொண்ணின் உம்மா குமரியாக இருந்த காலத்திலிருந்து ஒரு படத்துக்கும் முகம் கொடுக்காதவர். அவரைச் சம்மதிக்க வைக்க நான் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தேன். கடைசியில் மகளின் தலையைச் சீவிவிட்டபடி, தன் தலைச்சீலையும் இல்லாமல், இருவரும் ஒரே கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த ஒரு படம் வந்தது. நீ எடுத்தாய் அதை. நல்ல படம். இன்றைக்கும் சொல்கிறேன், நம் இருவர் கையிலும் அதைவிட நல்ல படம் விழவில்லை. நாம் கிளம்பும்போது அந்த உம்மா ஒரு அத்தர்ப் போத்தலை என் பைக்குள் வைத்து, “மானத்தக் காத்துத் தந்தீங்க புள்ள” என்றார். ப்ளேனில் அது கசிந்தது. அந்த மணம்தான் இது.

கடைசி நிமிஷம் வரைக்கும் நீ எடுத்துக்கொண்டிருந்தாய். பொண்ணு வாசலில் நம்மைக் கட்டிப்பிடித்து அழுதபோதுகூட. அவசரத்தில் வேனில் ஏறினோம், உன் கெமராவிலிருந்த கார்டு அப்படியே இருந்துவிட்டது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. யாருக்கும் மறக்கும்.

பாதுகாப்புச் சோதனையில் என் பை ஒரு கேள்வியும் இல்லாமல் கடந்து போய்விட்டது. உன்னுடையதைத் திருப்பி எடுத்தார்கள். வயர்களும் மைக்கும் பற்றரிகளுமாக ஸ்கிரீனில் அது என்னவோ மாதிரித் தெரிந்திருக்கும். அந்த ஆள் மரியாதையாகத்தான் கேட்டான், கெமராவைப் போட்டுக் காட்டு என்று. நீ போட்டாய். படம் வந்தது. அந்தக் கண்ணாடிப் படம். அவனுக்கே சங்கடமாகிவிட்டது, சரி சரி என்று கையைக் காட்டினான். அதோடு மூடியிருக்கலாம் நீ.

நீ மூடவில்லை. உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கலியாணம், கலியாணம் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்குப் பொத்தானை அமத்தினாய். அடுத்தது, அதற்கு அடுத்தது. பொண்ணின் தங்கச்சிமார், பொண்ணின் மாமி, மருதாணிக் கையோடு முடி விரித்த பொண்ணு. பக்கத்தில் தன் தட்டுக்குக் காத்துக்கொண்டிருந்த ஒருவன் எட்டிப் பார்த்தான். பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவனும். நான் உன் முழங்கையைப் பிடித்து, “வேணாம் மச்சி, வேணாம், நிப்பாட்டு” என்றேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். வேர்த்துப் போய், உதடு வெளுத்து, நீ அங்கே இல்லை.

எங்கே இருந்தாய் என்று எனக்குத் தெரியும். பாலாவிச் சந்தியில் பொலிஸ்காரன் பஸ்ஸை மறித்தால்கூட எல்லாருக்கும் முன்னால் அடையாள அட்டையை நீட்டிப் பிடித்திருப்பாயே, அந்த முகம். முஸ்லிம் சனத்தை விரட்டிய நாளில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மன்னாரிலிருந்து கிளம்பிய உன் உம்மா, வழியில் துவக்கோடு நின்றவர்கள் கேட்குமுன்னாலேயே காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த கதையை நீ எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். “கேக்க முதல் குடுத்திட்டா ஒண்டும் செய்ய மாட்டாங்க” என்று அவர் உனக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். ஆகவே அன்றைக்கு நீ காட்டியதை நான் மன்னித்துவிட்டேன், மச்சி. ப்ளேன் மேலே எழும்பும்போதே மன்னித்துவிட்டேன். என் தோளில் சாய்ந்து நீ நடுங்கிக்கொண்டிருந்தாய், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “ஊருக்குப் போய் நாமளே போன் பண்ணிச் செல்லிருவம். பயத்தில நடந்திச்சி எண்டு செல்லுவம்” என்றேன். “ஓம், செல்லுவம்” என்றாய். அந்த ‘ஓம்’ என்ன ஆனது என்றுதான் நான் இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாம் போன் பண்ணுமுன்னால் கதை ஊருக்கு வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றிருக்கிறாள். அவள் பார்த்தது இரண்டு கறுப்பு அபாயாவின் முதுகையும் நடுவில் கெமராவின் வெளிச்சத்தையும்தான். தொழிலுக்கு ஒரு எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரே கடையில் ஒரே மாதிரித் தைப்பித்தவள் நீ. எந்த முதுகு எவளுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பொண்ணின் வீட்டுக்கு வொய்ஸ் மெசேஜ் போய்விட்டது.

பொண்ணின் மாமி, அந்தப் படங்களில் தானும் இருந்தவர், நமக்கு முந்திய ப்ளேனில் ஊர் திரும்பியிருந்தார். நம் அறைக்குப் படியேறி வந்தார். கதிரையில் உட்கார்ந்தார், தேத்தண்ணி வேண்டாம் என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்.

“ஒங்கள்ல ஆரு காட்டின?”

நான் வாயைத் திறக்குமுன்னால் நீ சொன்னாய்.

“இவதான் மாமி. நான் வேணாம் வேணாமெண்டு கையப் புடிச்சன். கேக்கல்ல.”

மச்சி, பொய் சொல்வதென்றால் வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம். அந்த ஆள் பறித்தெடுத்தான் என்று சொல்லியிருக்கலாம். யாரென்று நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். நீ என் வாயிலிருந்த சொல்லையே எடுத்து உன் வாயில் போட்டுக்கொண்டாய். நான் பிடித்த கையையும் உன்னுடைய கை என்றாய். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வாய் என்று. நீ ஜன்னலைப் பார்த்தாய். மாமி என்னைப் பார்த்து, “வாக்குத் தந்தவ நீங்கதானே புள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அவர் படியிறங்கிய சத்தம் நின்றதும் நான் கேட்டேன், என்ன கதை இது என்று. நீ அழக்கூட இல்லை. அல்பத்தாள்களை அடுக்கிக்கொண்டு சொன்னாய்: “ஒனக்கு மாப்புள இரிக்காரு மச்சி. போட் இரிக்கி. என்ட ஆள் போன எடத்துலயே இன்னொண்டக் கட்டிக்கிட்டு இருந்துட்டாரு. இந்தத் தொழிலும் போனா நானும் புள்ளயும் என்ன செய்ற? கொஞ்சம் ஆறட்டும், நானே போய்ச் செல்லிருவன்.”

நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இதைத்தான் உனக்கு எப்போதும் சொல்ல நினைத்தேன். ‘மச்சி, எனக்காக இதை நீ ஏற்றுக்கொள்’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால், இரண்டு நாள் சண்டை பிடித்துவிட்டு ஏற்றுக்கொண்டிருப்பேன். என்னை உனக்கு அவ்வளவு தெரியும். தெரிந்தும் கேட்காமல் எடுத்தாய்.

கொஞ்ச நாள் பொறுத்து நானே மாமியின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை முழுசாகப் பார்த்தார். “இப்ப அந்தத் தனிச்ச பொம்புளட தலையில போடப் பாக்கீங்களா?” என்றார். முதலில் சொன்னவள் சொன்னதுதான் நின்றது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று இருந்தேன்.

நீ தனியாக மேல்மாடி அறையை நடத்தினாய். எனக்குக் கலியாணம் எதுவும் வரவில்லை. கண்டக்குழி லொட்ஜ்களுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் காற்றாடியில் தொங்கிக்கொண்டு கடலில் ஓடுவதை எடுத்தேன். டொல்பின் எடுத்தேன், லொட்ஜ்காரனின் நண்டுக் கறியை எடுத்தேன். தொழில் என்று பார்த்தால் நான் பட்டினி கிடக்கவில்லை, நீ சொன்னது சரிதான், எனக்கு மாப்பிள்ளை இருந்தார், போட் இருந்தது. ஆனால் எத்தாளையில் என் சொந்த மச்சாளின் மகளுடைய கலியாணத்துக்கு வெறுங்கையோடு விருந்தாளியாய்ப் போனேன். போன் அடித்தது, பையிலிருந்து எடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று தலைச்சீலையை இழுத்து முகத்தை மூடினாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் மூடினாள். அப்படியே ஒரு வரிசை முழுக்க. நான் போனைப் பையில் போட்டுவிட்டுச் சோறு சாப்பிடாமல் வந்தேன். அந்தக் கலியாணத்துக்குப் பொம்பிளைப் பக்கம் எடுத்தது நீ. நீ பார்த்தாய். கெமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

உனக்கு நோய் என்று கேள்விப்பட்டபோது ஓடி வந்தேன். வராமல் இருக்க ஏலவில்லை. அதையும் உன்மேல் ஒரு கோபமாகவே வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ பாதியாக இருந்தாய். களப்புக் காற்று, இறால் விலை, கீழே புடவைக் கடைக்காரனின் இரண்டாவது கலியாணம், எல்லாம் கதைத்தாய். ஒரு நாள் மகளைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தாய். இப்போது சொல்லப்போகிறாய் என்று கட்டிலுக்குக் கிட்டக் குனிந்தேன். சொன்னால் உடனே அழுதுவிடுவேன் என்றும் தெரிந்தது.

“என்ட புள்ளட கலியாணத்துக்கு நீ எடு மச்சி,” என்றாய். “வேற ஆருட கையிலயும் அந்தப் படம் போகக் கூடா. ஒன்ன மட்டுந்தான் நான் நம்புற.”

நான் காத்திருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறி வரும்போது வழி முழுக்கக் கொதித்தேன். உன் மகளின் முடியை, உன் மகளின் மானத்தை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று உனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் முழுக்க நான் காட்டிக்கொடுத்தவள், உனக்கு மட்டும் நான் நம்பிக்கைக்காரி. எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்யச் சொல்கிறாய்? நீ என்னை நம்பியது இன்னொரு காதுக்குக் கேட்கவில்லையே.

பிறகு நீ போய்விட்டாய். குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தி உன்னை நடு வீட்டில் வைத்திருந்தார்கள். சந்தூக்குப் பெட்டியில் எடுத்து வைக்குமுன்னால், வழமைபோல, உன் ராத்தா பெண்கள் பக்கம் வந்து கேட்டார்: “என்ட தங்கச்சி ஆருக்கும் ஏதும் மனசு நோகச் செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோங்க.” எல்லாரும் மன்னித்தோம் என்றார்கள். எனக்கும் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. உன் ராத்தா என் பக்கம் திரும்பிப் பார்த்ததாக நினைக்கிறேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிக்காமல் உன்னைக் கபுறுக் குழிக்கு அனுப்பியவள் நான் ஒருத்திதான். அதற்காக எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கேட்டாலும் அந்தச் சத்தம் வராது.

இன்று பின்னேரம் உன் மகள் வந்தாள். ஓட்டோவிலிருந்து இறங்கி வரும்போது ஒரு நிமிஷம் நீ என்று நினைத்துவிட்டேன், அதே நடை. ஒரு சூட்கேஸ், இரண்டு கருவாட்டுப் பார்சல். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் வாய் வராது போலிருக்கிறது. நான் பற்றரிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவளும் தரையில் உட்கார்ந்து டேப்பை வெட்டித் தந்தாள். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று விளங்கியது. மூன்று தரம் தொண்டையைச் செருமினாள்.

“சாச்சி, நீங்க கோவிக்கக் கூடா.”

“செல்லு மகள்.”

“மாப்புள வீட்டுலயிரிந்து அவர்ட உம்மா போன் எடுத்தா. அந்தப் பழைய எயார்போட் கதைய ஆரோ செல்லியிரிக்காங்க. கலியாணம் முடிஞ்சதும் கார்டு எல்லாத்தையும் அவங்கட கையில குடுத்துட்டுத்தான் நீங்க ப்ளேன் ஏறணுமாம். ஒரு படமும் ஒங்களோட வரக் கூடாதாம்.”

கையிலிருந்த பற்றரியைப் பையில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் தைத்த பைக்குள்ளிருந்து ஒரு படம் வெளியே போனதில்லை. “ஓம் மகள், குடுப்பன்,” என்றேன். “அவங்கட புள்ளயள்ட படம், அவங்க கேக்கிறது ஞாயம்தானே.”

அதோடு விட்டிருக்கலாம் அவள். விடவில்லை. டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு என்னை நேரே பார்த்தாள்.

“உண்மையாவே நீங்களா சாச்சி காட்டின? உம்மா வேணாமெண்டு செல்லியுமா?”

மச்சி, அந்தக் கேள்விக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். மாமிக்குப் பிறகு ஊரில் ஒருவரும் என்னிடம் நேரே கேட்டதில்லை. கேட்டவள் உன் மகள். இவளுக்குச் சொன்னால் இவள் நம்புவாள். இவள் சொன்னால் மாமி நம்புவார், உன் ராத்தா நம்புவார், தலைச்சீலையை இழுத்த அந்த வரிசை முழுக்க நம்பும். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதன் உப்பு எனக்குத் தெரிந்தது. வாப்பா விட்டுப் போன பிள்ளை. உம்மாவை மண்ணில் வைத்து வருஷம் ஆகாத பிள்ளை. நாளைக்குப் புதுக் குடும்பத்துக்குள் போகும்போது கூட்டிக்கொண்டு போக இவளிடம் இருப்பது, ‘என் உம்மா இப்படிப்பட்டவள்’ என்ற ஒரு கதைதான்.

“ஓம் மகள்,” என்றேன். “பயத்தில காட்டிட்டன்.”

அவள் டேப்பை விரலிலிருந்து கழற்றித் தரையில் வைத்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து என் தோளில் கை வைத்தாள், என்னைத் தேற்றுவதுபோல. “பரவால்ல சாச்சி. பயம் எல்லாருக்கும் வாறதானே. உம்மாக்குத்தான் பயமே இல்ல. ஆருட அமானிதமெண்டாலும் உயிரக் குடுத்துக் காப்பாத்துவா.”

“ஓம்,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. மிச்சத்துக்கு அவளே டேப் ஒட்டினாள், ‘உன் உம்மா அப்படி, உன் உம்மா இப்படி’ என்று நான் ஏதேதோ சொல்ல, சிரித்துக்கொண்டு. இப்போது மஃரிப் தொழுதுவிட்டு அடுத்த அறையில் படுத்திருக்கிறாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அது இன்னும் இல்லை. அவளுக்காகச் சொன்னேன். உனக்கு அதில் பங்கில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள். நீ போன பிறகும் உண்மை என் வாயில் பத்திரமாக இருந்தது, என்றைக்காவது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இன்றைக்கு நானே என் வாயால் உன் பொய்யைச் சொல்லிவிட்டேன். இனி அது பொய் என்று தெரிந்தவள் இந்தத் துனியாவில் நான் ஒருத்திதான்.